வன்னி வெயிலுக்கும் காற்றுக்கும் படம் வரைவது எப்படி

ஒரு சுவரைப் பார்க்கப் போகும்போது நான் கொப்பியும் பென்சிலும் கொண்டுபோவதில்லை. அளவு நாடா, ஒட்டுநாடா, இரண்டடிச் சதுரத்தில் வெட்டிய பொலித்தீன் துண்டு, ஒரு போத்தல் தண்ணீர். இவ்வளவுதான். காலை எட்டு மணிக்கு ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு தரம் அந்த இடத்தில் போய் நிற்பேன். வெயில் எங்கிருந்து விழுகிறது, ஆட்கள் எந்தப் பக்கத்தால் வருகிறார்கள், எந்த இடத்தில் நின்று கதைக்கிறார்கள் என்று பார்ப்பேன். என்ன வரைவது என்ற யோசனை அதற்குப் பிறகுதான்.

நான் இருப்பது முள்ளியவளையில். மாங்குளத்தில் போட் (பெயர்ப்பலகை) எழுதிக்கொண்டிருந்த மாமாவிடம் எழுத்துப் பழகினேன். 2012இல் ஒரு முன்பள்ளிச் சுவரில் தொடங்கி, பாடசாலைச் சுவர், விளையாட்டுப் போட்டிக்கான இல்லச் சோடனை, மேடை, கோயில் திருவிழா வழிகாட்டிப் பலகை என்று வேலை பெருகிவிட்டது. இப்போது என்னோடு இரண்டு தம்பிமார் வேலை செய்கிறார்கள். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுவர். பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு வாருங்கள். அடுத்த நாள் போய்ப் பார்க்கும்போது உள்பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் அந்தச் சுவர் இன்னும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதன்மேல் எவ்வளவு விலையான பெயின்ற் அடித்தாலும் கொப்பளித்து உரியும். புதிதாகப் பூசிய சுவரென்றால் 28 நாளாவது காயவிட வேண்டும். "திறப்புவிழா வாற கிழமை, இன்றைக்கே தொடங்குங்கோ" என்று ஓர் இடத்தில் அவசரப்படுத்தினார்கள். பூசி பத்து நாள்தான் ஆகியிருந்தது. நானும் ஒப்புக்கொண்டேன். நான்கு மாதத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, ஒரு பிள்ளையின் முகம் முழுக்க உரிந்துபோனது. அந்த முகத்தைத் திரும்ப வரையப் போன நாளில் ஒரு முடிவெடுத்தேன். காயாத சுவரைத் தொடமாட்டேன். திறப்புவிழாதான் கட்டாயமென்றால் பலகையில் வரைந்து சுவரில் பொருத்திக் கொடுப்பேன்.

உப்புப் பூத்திருந்தால் தண்ணீரால் கழுவாதீர்கள், உப்பு கரைந்து திரும்பவும் உள்ளேதான் போகும். காய்ந்த தும்புத் தூரிகையால் தேய்த்து உதிர்த்துவிட்டு, இரண்டு கிழமை விட்டு, மறுபடி பூக்கிறதா என்று பாருங்கள். பூக்காவிட்டால் காரத்தைத் தாங்கும் சீலர் ஒரு பூச்சு, அதற்கு மேல் வெளிச்சுவருக்கான எமல்ஷன். வீட்டுக்குள் அடிக்கும் எமல்ஷன் மலிவுதான். ஆனால் எங்கள் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் அது ஒரு வருடம்கூட நிற்காது. மட்டமான சுவரில் ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 100 சதுர அடிக்கு வரும். சொரசொரப்பான பூச்சென்றால் 60க்குத்தான் கணக்குப் போடுங்கள். பாதி வேலையில் நிறம் முடிந்து, கடையில் வாங்கும் அடுத்த வாளி ஒரு சாயல் மாறி வந்துவிட்டால் அந்தச் சுவரைக் காப்பாற்ற முடியாது.

மழைக்காலத்தில், ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும், செம்மண் தரையில் விழும் மழை சுவரில் தெறிக்கும். கீழிருந்து இரண்டடி உயரம் வரை சுவர் முழுக்கச் செந்நிறப் புள்ளிதான். கழுவக் கழுவ வரும். அதனால் நான் அந்தக் கீழ் இரண்டடிக்கு முதலே மண்ணின் நிறத்தை அடித்துவிடுவேன். அந்த இடத்து மண்ணை ஒரு பிடி அள்ளி, நீர்விட்டுக் குழைத்து, காயவைத்து, அதன் பக்கத்தில் வைத்து நிறம் கலப்பேன். படத்துக்குள் அது தரையாகிவிடும், மரங்கள் அதிலிருந்துதான் முளைக்கும். மழை எவ்வளவு தெறித்தாலும் படம் கெட்டுப்போனதுபோல் தெரியாது. முருங்கன் பக்கம் மண் கறுப்பு. அங்கே செம்மண் நிறக் கரையை வரைந்தால் அடுத்த மழையிலேயே அந்நியமாகத் தெரியும். ஒவ்வோர் ஊருக்கும் அந்த ஊர் மண்.

நிறங்களில் இரும்பு ஒக்சைட்டிலிருந்து வரும் காவிச் சிவப்பும் காவி மஞ்சளும் வெயிலுக்கு அசையாது. கறுப்பும் அப்படித்தான். தலோ நீலமும் தலோ பச்சையும் நன்றாகத் தாங்கும். வெளிறுவது பளிச்சென்ற ரோசா, ஊதாச் சிவப்பு, மலிவான எலுமிச்சை மஞ்சள். மேற்குப் பார்த்த சுவரில் அவை முதலில் போகும். அதனால் மேற்குச் சுவரில் பூக்களை ரோசாவில் கேட்டால் சம்மதிக்கமாட்டேன், செவ்வரத்தையைக் காவிச் சிவப்பிலேயே இருளும் வெளிச்சமும் வைத்து வரைந்து காட்டுவேன். வடக்குச் சுவரில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

படத்தைப் பெரிதாக்குவதற்குக் கட்டம்தான் எனக்குப் பிடித்த முறை. தாளில் ஒரு அங்குலம், சுவரில் ஓர் அடி. நூலைக் காவிப்பொடியில் தோய்த்து, இரண்டு பேர் இரண்டு முனையில் இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்டிவிட்டால் கோடு நேராக விழும். புறொஜெக்ரர் வைத்து இரவில் வரைகிறவர்களும் உண்டு, அது தவறில்லை. ஆனால் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் உருவம் ஒரு பக்கம் இழுபடும். கட்டத்தில் அந்தக் கரைச்சல் இல்லை. மின்சாரமும் தேவையில்லை.

எதை வரைவது? இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முன்பள்ளிச் சுவரில் அப்பிளும், பனி மூடிய மலையும், வெளிநாட்டுக் கார்ட்டூன் எலியும் கேட்பார்கள். ஒரு முறை ஒரு நான்கு வயதுப் பிள்ளையிடம் இதென்ன பழம் என்று பாலைப்பழத்தைக் காட்டினேன். மஞ்சளாக ஒரு சின்னப் புள்ளிதான் வரைந்திருந்தேன். "பாலைப்பழம், அம்மம்மா பொறுக்கித் தந்தவ" என்றாள். பிறகு அந்தச் சுவருக்கு முன்னால் அவள் எத்தனை பழம் இருக்கிறதென்று எண்ணத் தொடங்கினாள். எண்பத்து மூன்று வரை போனாள், முன்பள்ளியில் ஐம்பது வரைதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வீரை, முதிரை, குளக்கட்டு மருதமரம், உடும்பு, மயில், கொக்கு, வங்காலைக் கரைக்கு வரும் பூநாரை. வரைய எங்களுக்கு இவ்வளவு இருக்கிறது. போய்ப் பார்த்து வரையுங்கள். மயிலை இணையத்துப் படத்தைப் பார்த்து வரைந்தால் எப்போதும் தோகை விரித்த மயில்தான் வரும். எங்கள் வயல் வரம்பில் நிற்கும் மயில் பெரும்பாலும் தோகையை இழுத்துக்கொண்டு நடக்கும் மயில்.

இனி எழுத்து. வழிகாட்டிப் பலகையோ வரவேற்பு வளைவோ, எழுத்து வாசிக்க முடியாவிட்டால் படம் எவ்வளவு வடிவாக இருந்தும் பயனில்லை. போட் எழுதுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு: 10 அடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்து. 50 அடியில் நிற்பவருக்கு 5 அங்குலம். ஏ-9 வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் வாகனம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 55 அடி ஓடும். நான்கு செக்கன் வாசிக்கக் கிடைத்தால் 220 அடி, அப்படியென்றால் 22 அங்குல எழுத்து. அவ்வளவு இடம் இல்லையென்றால் எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், சொற்களைக் குறையுங்கள். "அன்போடு வரவேற்கிறோம்" என்பதை விட்டுவிட்டு ஊர்ப் பெயரையும் ஓர் அம்புக்குறியையும் மட்டும் போடுங்கள்.

தமிழ் எழுத்தில் உயரத்தை 'க'வின் உடம்பில் அளக்க வேண்டும், கொம்பையும் சுழியையும் சேர்த்து அல்ல. 'கி'யின் சுழி மேலே போகும், 'கு', 'கூ', 'ழு' கீழே இறங்கும். இரண்டு வரி எழுதினால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் சுழியும் மோதிக்கொள்ளும். உடம்பின் உயரத்தில் முக்கால் பங்காவது வரிகளுக்கிடையில் விடுங்கள். அடுத்தது கோட்டின் தடிப்பு. தடித்தால் தூரத்தில் தெரியும் என்று நினைத்து எல்லோரும் தடிக்க எழுதுவார்கள். 'ண'வும் 'ன'வும் உள்ளே அடைபட்டுக் கறுப்புக் கட்டியாகிவிடும். நான் உயரத்தில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் தடிப்பதில்லை. புள்ளி கோட்டின் தடிப்பைவிடச் சிறிதாக இருக்கவே கூடாது. புள்ளி தெரியாவிட்டால் சொல்லே மாறிப்போகும். கணினியில் அடித்துக் கொடுப்பவர்கள் இடம் காணாதென்று எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்குவார்கள். அதை ஒருபோதும் விடாதீர்கள். தமிழ்ச் சொல் நீளமானது, பலகையை அதற்கேற்ற நீளத்தில் வெட்டச் சொல்லுங்கள். மூன்று மொழியிலும் எழுத வேண்டிய பலகையென்றால் முதலில் தமிழை அளந்து பாருங்கள். தமிழுக்கு இடம் சரியாக வந்தால் மற்ற இரண்டுக்கும் வரும்.

வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலைப் போல சனம் திரளும் இடங்களில் பலகை கண்ணுக்கு நேரே இருந்தால் முன்னால் நிற்பவரின் தலை மறைத்துவிடும். பலகையின் கீழ் விளிம்பே எட்டடியில் இருக்க வேண்டும். இரவுப் பொங்கல் என்பதால் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தைவிட, கருநீலத்தில் மஞ்சளோ வெள்ளையோ எழுதி மேலிருந்து ஒரு விளக்கைச் சாய்த்து விட்டால் கண் கூசாது. குடிநீர், மலசலகூடம், வாகனத் தரிப்பிடம், முதலுதவி. இந்த நான்கையும் திருவிழா முழுக்க ஒரே நிறம், ஒரே எழுத்து, ஒரே உயரத்தில் வையுங்கள். வேறெந்த விளம்பரத்திலும் அந்த நிறத்தைப் பயன்படுத்த விடாதீர்கள். இரண்டாவது பலகையிலேயே சனம் பழகிவிடும், பிறகு வாசிக்காமல் நிறத்தைப் பார்த்தே போவார்கள்.

ஐந்தாவது ஒரு பலகை உண்டு. சனத்துக்குள் தாயைத் தவறவிட்ட பிள்ளையைக் கொண்டுவந்து வைத்திருக்கும் கொட்டகைக்கானது. ஒரு திருவிழாவில் அதற்கு "காணாமல் போனோர்" என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டவர் அதை யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரி 20இல் தாய்மார் இருக்கத் தொடங்கிய போராட்டத்தைப் பார்த்த கண்கள் எங்களுடையவை. கையில் படத்தோடு இருக்கிற ஒரு தாய் பொங்கலுக்கும் வருவாள். அந்தச் சொல்லை ஒரு கொட்டகைக்கு மேலே, விளக்கும் போட்டு, எட்டடி உயரத்தில் வைக்க என் கை வராது. "பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்" என்று எழுதினேன். பதறிக்கொண்டு ஓடிவரும் தாய்க்குத் தேவையான சொல்லும் அதுதான்.

வன்னியில் நான் பார்த்த பலகைகளில் வேலை செய்தது எது என்று கேட்டால் மிதிவெடிப் பலகையைத்தான் சொல்வேன். சிவப்பில் மண்டையோடும் இரண்டு எலும்பும். மீள்குடியேறி வந்த நேரத்தில் எழுத்துத் தெரியாத பிள்ளையும் அதைப் பார்த்து நின்றது, ஆடு மேய்க்கிற ஐயாவும் நின்றார். தூரத்தில் தெரிந்தது, ஒன்றைத்தான் சொன்னது, வேறெதோடும் கலக்கவில்லை. அதனால்தான் கலை நிகழ்ச்சியிலோ களியாட்டத்திலோ பயங்காட்டுவதற்காக மண்டையோடு வரையச் சொன்னால் வரையமாட்டேன். அந்தக் குறியை விளையாட்டாகப் பார்க்கப் பிள்ளைகள் பழகிவிட்டால், காட்டோரத்தில் இன்னும் நிற்கும் ஒரு பலகை தன் வேலையைச் செய்யாமல் போகும்.

சரி, காற்றுக்கு வருவோம். ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டியில் 10க்கு 20 அடியில் பிளெக்ஸ் பனரை நுழைவாசலில் கமுகஞ் சலாகையில் கட்டியிருந்தார்கள். கட்டியது நாங்கள்தான். பத்து மணிக்குப் பிறகு காற்று எழும்பியது. பாய் விரித்ததுபோல் பனர் வயிறு தள்ளி, ஒரு சலாகை அடியோடு முறிந்து சரிந்தது. கீழே பிள்ளைகள் அணிவகுத்து நின்ற இடத்திலிருந்து ஆறடிதான். அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அதற்குப் பிறகுதான் கணக்கைத் தேடிப் படித்தேன். மணிக்கு 60 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றர் பரப்பை ஏறக்குறைய 17 கிலோ பாரத்துக்குத் தள்ளும். 10க்கு 20 அடி என்றால் 18 சதுர மீற்றருக்கு மேல். முந்நூறு கிலோவுக்கு மேலான பாரத்தை இரண்டு சலாகையில் தொங்கவிட்டிருந்தோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாரம் நான்கு மடங்கு.

பனரில் பிறை பிறையாக வெட்டிவிட்டால் காற்றுப் போய்விடும் என்பார்கள். பாரம் அதிகம் குறையாது, வெட்டின இடத்திலிருந்து கிழிவதுதான் மிச்சம். பெரிய ஒரு பரப்பை வைக்காமல் இரண்டடி அகலப் பட்டிகளாகப் பிரித்து, இடையில் ஓர் அடி இடைவெளி விட்டு, மேலே மட்டும் கட்டி, கீழ் விளிம்பில் ஒரு தடியைச் செருகிவிடுங்கள். காற்று வந்தால் பட்டிகள் ஆடும், சட்டம் ஆடாது. சித்திரைக்குப் பிறகு சோளகம் (தென்மேற்குக் காற்று) பிடிக்கும் மாதங்களில் வெளி மைதானத்தில் பெரிய கட்டவுட் எதுவும் நான் நிறுத்துவதில்லை. கட்டாயம் என்றால் பின்னால் முக்கோணமாக முட்டுக் கொடுத்து, அடியில் மண்மூட்டை வைத்து, மூன்று பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி, விழுந்தால் எங்கே விழும் என்று அளந்து அந்த வட்டத்துக்குள் ஆள் நிற்காதபடி வேலி போடுவேன்.

காற்றோடு சண்டை பிடிக்காமல் அதை வேலைக்கு எடுத்துக்கொள்வதைப் பிள்ளைகளிடமிருந்து கற்றேன். ஓர் இல்லச் சோடனை. நீல இல்லம். என்ன செய்யலாம் என்று சுற்றி இருந்து கதைத்தபோது ஒரு பெடியன், "அக்கா, இரணைமடு வான் பாயிற மாதிரி செய்வமா?" என்றான். வடமாகாணத்தின் பெரிய குளம், வான்கதவு திறந்தால் பார்க்கச் சனம் போகும். தாய்மாரிடம் நீலமும் வெள்ளையுமாகப் பழைய சேலை கேட்டோம், பதினொன்று கிடைத்தது. றீப்பைச் சட்டத்தில் பிளைவூட் அடித்து வான்கதவுகளைச் சாம்பல் நிறத்தில் வரைந்தோம். ஒவ்வொரு கதவின் கீழிருந்தும் சேலையை நீளவாட்டில் இறக்கி, நுனியைத் தரையில் விட்டோம். காற்று வரும்போதெல்லாம் தண்ணீர் ஓடியது. ஐந்தரை மீற்றர் சேலை நெளியும் நெளிவை எந்தப் பெயின்றும் தராது.

இல்லச் சோடனைக்கு இரண்டு தூரம் இருக்கிறது. மைதானத்தின் அந்தக் கரையிலிருந்து 300 அடியில் பார்ப்பவருக்கு ஒரே ஒரு பெரிய உருவம் போதும். நடுவர் வந்து மூன்றடியில் நிற்கும்போது அவருக்குச் சின்ன விடயங்கள் வேண்டும். நாங்கள் கதவின் அடியில் களிமண்ணில் விரால் மீன்களும், கரையில் ஒரு தூண்டிலும், பனையோலையில் பின்னிய பறியும் வைத்தோம். பிள்ளைகள் சோடிக்கும்போது பொதுவாக நடுத்தர அளவிலேயே எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள். தூரத்திலும் தெரியாது, கிட்டவும் சுவை இராது. வெயில் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். நடுவர் பதினொரு மணிக்கு வந்தால் கிழக்கு, தெற்குப் பார்த்த முகம் வெளிச்சத்தில் இருக்கும். மேற்கைப் பார்த்துக் கட்டினால் உங்கள் வேலை நிழலுக்குள் போய்விடும்.

றெஜிபோமில் (வெள்ளை நுரைப்பலகை) எழுத்து வெட்டினால் எமல்ஷன் மட்டுமே அடியுங்கள். எனாமலும் தின்னரும் பட்டால் அது கரைந்து குழிவிழும். விளக்கு, கற்பூரம், சாம்பிராணி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் றெஜிபோம் வைக்கவே வேண்டாம், மிக வேகமாகப் பற்றும். கோயில் என்றால் குருத்தோலை, வாழை, கமுகம் பாளை. அவற்றை மிஞ்ச எதுவும் இல்லை.

மேடைப் பின்திரை பற்றி ஒன்றிரண்டு. பருத்தித் துணியைச் சட்டத்தில் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும்படி ஆணியடித்துவிட்டு, பைண்டர் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து பூசுங்கள். காயும்போது துணி சுருங்கி மேளம்போல் இறுகும். பூசிவிட்டு ஆணியடித்தால் சுருக்கம் போகாது. தொடுவானக் கோட்டை உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்கு வையுங்கள். தரையிலிருந்து நாலடி, மேடை மூன்றடி என்றால் திரையில் ஓர் அடியில் கோடு வரும். பலர் நடுவில் வைப்பார்கள், நடிப்பவர்கள் குழிக்குள் நிற்பதுபோல் தெரியும். வெளிச்சம் போடுபவரிடம் என்ன நிற விளக்கு என்று முதலே கேளுங்கள். சிவப்பு விளக்கில் சிவப்புப் பூ வெளிறிப்போகும், பச்சை இலை கறுத்துவிடும். பின்திரையில் எழுத்து இருந்தால் அதை ஏழடிக்கு மேலே போடுங்கள். படம் எடுக்கும்போது தலைக்கு மேலே நிகழ்வின் பெயர் தெரியும்.

கோவலன் கூத்துக்குப் பின்திரை கேட்டு வந்தவர்களுக்கு நான் செய்து கொடுக்கவில்லை. வட்டக்களரியில் சனம் சுற்றி இருந்து பார்க்கும் ஆட்டம் அது. ஒரு பக்கத்தில் பனரைக் கட்டினால் களரிக்கு முதுகும் முகமும் வந்துவிடும், அந்தப் பக்கத்துச் சனம் எழும்பிப் போய்விடும். களரியைச் சுற்றி மண்ணை மட்டமாக்கி, நான்கு மூலையிலும் வாழையும் விளக்கும் வைத்துக் கொடுத்தேன்.

வீதியோரத்தில் எதை நாட்டுவதென்றாலும் பிரதேச சபையிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள், ஏ-9 போன்ற பெரிய வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். வளைவிலும் சந்தியிலும் வருகிற வாகனத்தை மறைக்கும் இடத்தில் அனுமதி கிடைத்தாலும் நாட்டாதீர்கள்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சோடாப் போத்தல் அளவு எடுத்து, மூடியை இறுக்கி, எந்த இடத்து நிறம், எந்த வாளியோடு எதை எவ்வளவு கலந்தது என்று எழுதி ஒட்டி, சுவருக்குச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அதே குறிப்பை நானும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். முதலாவது முன்பள்ளிச் சுவரில் மயிலின் கழுத்து, சரியாகப் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் இருக்கிறது. உள்ளே போகும்போதும் வரும்போதும் தடவுவார்கள். ஒவ்வொரு தை மாதமும் ரீச்சர் தகவல் அனுப்புவா, நான் அந்த நீலப் போத்தலோடு போய்க் கழுத்தை மட்டும் திரும்ப அடித்துவிட்டு வருவேன்.